ஏபெல் டாஸ்மன் கடலோர நடை: திட்டத்தை அவரோவாவிலிருந்து தொடங்குங்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வடக்கு ஓரமாக, மாரஹாவ் என்ற சின்ன ஊரில் தொடங்கி வைனுயி வரை கடலை ஒட்டியே போகிற 60 கிலோமீட்டர் பாதைதான் ஏபெல் டாஸ்மன் கடலோரப் பாதை. மூன்று நாளில் முடிக்கலாம், ஐந்து நாளும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய மேடுகள் இல்லை, பாதை அகலமானது, ஓடைகளுக்குப் பாலம் உண்டு, இரவு தங்க மெத்தை போட்ட ஹட்டுகள் உண்டு. பல நாள் நடை இதுவரை போனதில்லை, எங்கே தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வழியில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே கடல் வற்றியிருந்தால் மட்டுமே போக முடியும். பாலம் கிடையாது, சுற்றிப் போகும் பாதையும் கிடையாது. அதுதான் அவரோவா கழிமுகம். பெரும்பாலானவர்கள் லீவு, விமான டிக்கெட், ஹட் எல்லாம் முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் அவரோவாவில் தண்ணீர் எப்போது இறங்கும் என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது அது விடியற்காலை மூன்றரை மணி என்று வந்தால் என்ன செய்வது? அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் அவரோவா, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முதல் வேலை: ஓத அட்டவணை (கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற பட்டியல்)

நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை சொல்லும் விதி இதுதான்: கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிலிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரை அவரோவாவைக் கடக்கலாம். மொத்தம் மூன்றரை மணி நேரம். வற்றம் காலை 8 மணிக்கு என்றால் 6.30 முதல் 10 வரை உங்களுக்கு வழி திறந்திருக்கும். அதற்கு வெளியே கடக்கவே கூடாது. கொஞ்சம் ஆழமாக இருந்தால் நீந்திக்கொள்ளலாம் என்று முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையோடு நினைக்கவே வேண்டாம். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டர் வரை மாறும்.

ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிறது, ஆகவே ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு வற்றம் வரும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 8 மணி என்றால் நாளை 8.50. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நகர்ந்திருக்கும், காலை எட்டு மணி வற்றம் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து நிற்கும். இரண்டு வாரம் போனால் கிட்டத்தட்ட பழைய நேரமே திரும்பி வரும். இதைப் புரிந்துகொண்டால் போதும், உங்கள் பயணம் ஒரு வாரம் முன்னே போக வேண்டுமா, பின்னே போக வேண்டுமா என்பது தானாகவே தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கவும் செய்யும். கடக்கும்போது மணல் நன்றாகத் தெரியும், ஆனால் திரும்ப ஏறும்போது வேகமும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. நியூசிலாந்தில் செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். சில ஓத அட்டவணைகள் இந்த ஒரு மணி நேரத்தைச் சேர்த்திருக்கும், சில சேர்க்காது. அட்டவணையின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டிப்பாகப் படியுங்கள். மூன்றரை மணி நேர வழியில் ஒரு மணி நேரம் பிசகினால் அது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது: நாளும் திசையும்

தெற்கிலிருந்து வடக்கே, அதாவது மாரஹாவிலிருந்து வைனுயி நோக்கிப் போவதையே நான் சொல்வேன். ஆள்கூட்டம் தெற்கில்தான் அதிகம், வாட்டர் டாக்ஸி எனும் வாடகைப் படகுகளில் ஒரு நாளுக்கு வந்து போகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். வடக்கே போகப் போக அமைதி கூடிக்கொண்டே போகும். அதுமட்டுமல்ல, அவரோவா ஹட் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கிறது. அதனால் இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் வாசலில் இறங்கி நேராகக் கடந்துவிடலாம்.

இப்போது வற்ற நேரத்தை வைத்துத் திட்டம் போடுவோம்.

கடக்கும் நாளில் வற்றம் காலை 7-லிருந்து 11-க்குள் வருகிறதா? அதுதான் மிகச் சிறந்தது. முதல் இரவு ஆங்கரேஜ் ஹட், இரண்டாம் இரவு பார்க் பே ஹட், மூன்றாம் இரவு அவரோவா, நான்காம் நாள் காலை கடந்து வாரிவாரங்கி ஹட், ஐந்தாம் நாள் வைனுயி. அவசரமே இல்லாத ஐந்து நாள் நடை. கால் பழகியவர்கள் பார்க் பேயில் தங்காமல் ஆங்கரேஜிலிருந்து நேராக அவரோவா போய் ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் அது 20 கிலோமீட்டரைத் தாண்டும்.

வற்றம் பகல் 12-லிருந்து 4-க்குள் வருகிறதா? கூடாரம் இருந்தால் இன்னும் வசதி. பார்க் பேயில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் நாலரை மணி நேரத்தில் அவரோவா, கழிமுகத்தைக் கடந்து இன்னும் இரண்டு மணி நேரம் போல நடந்தால் டோட்டரானுயி கூடாரத் தளம். கூடாரம் இல்லாவிட்டால் அவரோவா ஹட்டில் தங்கிவிட்டு மறுநாள் மதியம் கடக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு வாரிவாரங்கிக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேர நடை பாக்கி. டிசம்பர், ஜனவரியில் இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்போது இது நடக்கும். ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வேண்டாம்.

வற்றம் காலை ஐந்தரை, மாலை ஆறு என்று வருகிறதா? கோடையில் ஆறு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கடந்துவிடலாம், விதிப்படி 7.30 வரை நேரம் இருக்கிறது. குளிர்காலத்தில் தேதியை மாற்றுங்கள்.

மூன்றாவது: பதிவு

நியூசிலாந்தின் ‘கிரேட் வாக்’ எனப்படும் பேர்பெற்ற நடைப் பாதைகளில் இதுவும் ஒன்று. மற்றச் சிலவற்றைப் போலக் கோடையில் மட்டும் என்றில்லாமல், இங்கே ஆண்டு முழுதும் ஹட்டுக்கும் கூடாரத் தளத்துக்கும் முன்பதிவு வேண்டும். நான்கு ஹட்டுகள்தான்: ஆங்கரேஜ், பார்க் பே, அவரோவா, வாரிவாரங்கி. கூடாரத் தளங்கள் நிறைய. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஆண்டின் நடுவில் அடுத்த சீசனுக்கான பதிவு திறக்கும், கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி கடைசி வரையிலான நாட்கள் சீக்கிரம் போய்விடும். அந்த நேரத்தில் ஓத அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் அவரோவா, அதற்குப் பின் அதன் இரு பக்கமும் உள்ள இரவுகள் என்ற வரிசையில் எடுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்.

பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போங்கள். கடல் அப்போதும் குளிக்கும்படி இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். அந்தப் பருவத்தில் குளவி அதிகம். ஒவ்வாமை இருப்பவர்கள் மருந்தைப் பையின் அடியில் வைக்காமல் கைக்கு எட்டுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: மூட்டை

ஹட்டுகளில் மெத்தை, கழிப்பறை, தண்ணீர், குளிர்காய அடுப்பு இருக்கும். சமைக்க அடுப்போ பாத்திரமோ கிடையாது, அதெல்லாம் உங்களோடுதான் வர வேண்டும். கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, வழியிலுள்ள நெல்சன் நகரிலோ மொட்டுவேக்கா ஊரிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பாதைக்கு முன் கடைசியாக ஒரு நல்ல சூப்பர் மார்க்கெட் இருப்பது மொட்டுவேக்காவில்தான். தூங்கும் பை, தலைவிளக்கு, மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, இவையெல்லாம் கோடையிலும் வேண்டும்.

ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி எடுத்துப் போகிறவர்களுக்கு: கொண்டுபோவது தவறில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் தவறு. விமான நிலையத்தில் எல்லா உணவையும் அறிவியுங்கள். அறிவிக்காத ஒரு ஆப்பிளுக்குக்கூட 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடுவார்கள். நடைச் செருப்பு, ஷூ, கூடாரம் ஆகியவற்றையும் அறிவிக்க வேண்டும், அடியில் ஒட்டிய மண்ணைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி எடுத்துப் போங்கள். மண்ணோடு வரும் விதைகளும் கிருமிகளும் அங்குள்ள காட்டை அழித்துவிடும் என்பதால் அவர்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள், அது சரியும்கூட.

காலணி இரண்டு ஜோடி வேண்டும். நடக்க ஒன்று, நீரில் இறங்க ஒன்று. இரண்டாவது, குதிகாலில் வார் உள்ள சாண்டலாக இருக்கட்டும், ஹவாய் செருப்பு சேற்றில் கழன்று போய்விடும். வெறுங்காலோடு கழிமுகத்தில் இறங்காதீர்கள், மட்டி ஓடுகள் கத்தி மாதிரி நிற்கும்.

சேண்ட்ஃப்ளை என்கிற கறுப்புப் பூச்சி பொட்டளவுதான் இருக்கும், கடித்த இடம் நாலைந்து நாள் அரிக்கும். நடக்கும்போது வராது, நின்றால் வரும். பூச்சி விரட்டும் களிம்பைக் கணுக்காலில் மறக்காமல் தடவுங்கள். நியூசிலாந்து வெயில் உறைக்காது, ஆனால் அதன் புற ஊதாக் கதிர் கடுமையானது, கறுத்த தோல்தானே என்று சன்ஸ்க்ரீனை விட்டுவிட வேண்டாம். குடிநீர்க் குழாயில் சுத்திகரித்தது என்று எழுதியிருக்காவிட்டால் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஓடைத் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், இலைதழையின் சாறு இறங்கியதால் வந்த நிறம் அது.

பாதையின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அவசர உதவிக்கான பீக்கன் கருவி வாடகைக்குக் கிடைக்கும், தனியாகப் போகிறவர்கள் அதில்லாமல் போகக் கூடாது. குப்பைத் தொட்டியும் எங்கும் இல்லை, சாக்லேட் காகிதம் வரை எல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

மாரஹாவ் முதல் ஆங்கரேஜ்: 12.4 கிலோமீட்டர், சுமார் 4 மணி நேரம்

தொடக்கமே ஒரு கழிமுகத்தின் மேல் போகும் பாதைதான். அங்கேயே நின்று தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அவரோவாவுக்கு முன் கண் பழகிக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. மாரஹாவில் கடல் வற்றும்போது அவ்வளவு தூரம் உள்வாங்கிவிடும் என்பதால் வாட்டர் டாக்ஸிகளை டிராக்டரில் கட்டி இழுத்துப் போகிறார்கள், பயணிகள் தெருவிலேயே படகில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் நாள் எளிது. ஆப்பிள் ட்ரீ பே போன்ற சிறு கடற்கரைகளுக்குக் கிளைப்பாதை இறங்கும். மணல் பொன்னிறம், இந்தப் பக்கத்துக் கிரானைட் பாறை உதிர்ந்து உண்டானது. ஆங்கரேஜில் மூட்டையை வைத்துவிட்டு டே புகட்டேயா வளைகுடாவுக்கு நடந்து போய் வாருங்கள், அந்தத் தெற்குப் பகுதியிலேயே எனக்கு மிகப் பிடித்த கடற்கரை அதுதான்.

ஆங்கரேஜ் முதல் பார்க் பே

இங்கே முதல் தேர்வு. டாரன்ட் பே கழிமுகத்தை வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் நேராகக் கடக்கலாம், அப்படிப் போனால் பார்க் பே 8.4 கிலோமீட்டர். இல்லையென்றால் மேட்டுப் பாதையில் சுற்ற வேண்டும், 11.5 கிலோமீட்டர், சுமார் ஒரு மணி நேரம் கூடும். கவனியுங்கள், இதுவும் அவரோவா நேரத்தோடு சேர்ந்ததுதான். நான்காம் நாள் அவரோவாவில் வற்றம் 9.40 என்றால், இரண்டாம் நாள் சுமார் 8 மணிக்கு, ஆகவே பத்து மணி வரை டாரன்ட் பே திறந்திருக்கும். எட்டரைக்குக் கிளம்பினால் போதும்.

நேரம் பொருந்தாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். சுற்றுப் பாதையில்தான் கிளியோபாட்ராஸ் பூல் இருக்கிறது, பாசி படிந்த வழவழப்பான பாறையில் சறுக்கிக் குளத்தில் விழலாம், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். நேரம் இருந்தாலும் நான் சுற்றுப் பாதையைத்தான் எடுப்பேன்.

அதற்கப்புறம் ஃபால்ஸ் ஆற்றின் மேல் 47 மீட்டர் தொங்கு பாலம். பார்க் பேயின் கழிமுகத்துக்கும் வற்ற வழி, ஏற்ற வழி இரண்டும் உண்டு, வித்தியாசம் பத்து நிமிடம்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஹட்டுகளில் ‘வேக்கா’ என்கிற பறக்காத பழுப்புப் பறவை வரும். கோழி அளவு இருக்கும், கூச்சமே இல்லாமல் பையைத் திறந்து எடுத்துக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும். உணவு மட்டுமல்ல, காலுறை, ஸ்பூன் எதுவானாலும். வெளியே எதையும் வைக்காதீர்கள், உணவு போடவும் செய்யாதீர்கள்.

பார்க் பே முதல் அவரோவா: 13.5 கிலோமீட்டர், நாலரை மணி நேரம்

ஒரு மேடு ஏறி இறங்கினால் டோங்கா குவாரி. பழைய கிரானைட் சுரங்கம், வெட்டிய கற்கள் இன்னும் கரையில் கிடக்கின்றன. எதிரே தெரியும் டோங்கா தீவைச் சுற்றி 1993 முதல் கடல் காப்பகம், மீன் பிடிக்கக் கூடாது. அப்புறம் ஒனேடஹூட்டி என்ற நீண்ட கடற்கரை. இங்கே ஓடையைக் கடக்கவும் ஒரு காலத்தில் வற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும், இப்போது மரப்பாதையும் பாலமும் போட்டுவிட்டார்கள். பழைய குறிப்புகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

அவரோவா கடற்கரைக்கு ஒரு கதை உண்டு. தனியார் கையிலிருந்த அந்தக் கடற்கரை விற்பனைக்கு வந்தபோது, 2016-இல் ஏறக்குறைய 40,000 பேர் சேர்ந்து 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி வாங்கித் தேசியப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கி அங்கே நடந்து பாருங்கள்.

கழிமுகத்தைக் கடப்பது

கடப்பதற்கு முந்தைய நாள் மாலையே ஹட்டுக்கு முன்னால் போய் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் குறிகள் எங்கே இருக்கின்றன, வாய்க்கால்கள் எங்கே ஓடுகின்றன என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டில் ஓத நேரம் ஒட்டியிருப்பார்கள், உங்கள் காகிதத்தோடு சரிபாருங்கள்.

என் கணக்கில் இறங்கச் சரியான நேரம் வற்றத்துக்கு அரை மணி நேரம் முன்பு. அப்போதும் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். யாராவது வழுக்கி விழுந்தாலும், ஒரு வாய்க்கால் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தாலும், திரும்பி வந்து வேறு இடம் பார்க்க அவகாசம் கிடைக்கும். வற்றம் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கினாலும் விதிப்படி சரிதான், ஆனால் அப்போது ஒவ்வொரு நிமிடமும் நீர் ஏறிக்கொண்டிருக்கும்.

ஷூவைக் கழற்றி நாடாவால் இரண்டையும் சேர்த்துப் பையின் மேல் இறுக்கிக் கட்டுங்கள், தொங்க விடாதீர்கள். போன், பாஸ்போர்ட், தூங்கும் பை ஆகியவை நீர் புகாத உறைக்குள் போகட்டும். பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையைக் கழற்ற முடிய வேண்டும். முதலில் ஈர மணல், வரிவரியாக இறுகியிருக்கும், உள்ளங்காலில் குத்தும். அப்புறம் சேறு, அதில் நண்டு வளைகளும் சின்னச் சின்ன நத்தைகளும். வாய்க்காலில் தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இருக்கும், குழந்தைகளுக்குத் தொடை வரை. ஓட்டத்துக்குச் சற்று எதிராகத் திரும்பி, காலைத் தூக்கி வைக்காமல் அடியைத் தடவியபடி நகருங்கள். குழந்தையை நீர் ஓடிப்போகும் பக்கத்தில் பிடிக்காதீர்கள், நீர் வரும் பக்கத்தில் பிடியுங்கள், தவறி விழுந்தால் உங்கள் மேல்தான் வந்து மோதும்.

அரை மணி நேரத்தில் மறுகரை வந்துவிடும். அங்கே ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து கால்விரல் இடுக்கிலிருக்கும் மணலைக் கழுவி, துடைத்து, காயவிட்டு அப்புறம் காலுறை போடுங்கள். இதைச் செய்யாதவர்கள் டோட்டரானுயி போய்ச் சேர்வதற்குள் கொப்புளத்தோடு நொண்டுவார்கள்.

முந்தைய இரவு கனமழை என்றால் வற்ற நேரத்திலும் ஆற்று வெள்ளம் வாய்க்காலை நிரப்பியிருக்கலாம். அப்போது அடுத்த வற்றம் வரை காத்திருங்கள். பன்னிரண்டு மணி நேரம் போகும், போகட்டும். ஒரு நாள் உணவு கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அவரோவா முதல் வாரிவாரங்கி: 16.9 கிலோமீட்டர்

வாட்டர் டாக்ஸி வழக்கமாக வருவது டோட்டரானுயி வரைதான், அதற்கு மேல் படகுச் சத்தம் குறைந்துவிடும். கால் வலி, மழை என்று முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அங்கேயே படகு பிடிக்கலாம். தொடர்கிறவர்களுக்கு அனபாய், மட்டன் கோவ் என்று அடுத்தடுத்து கடற்கரைகள், பல நேரம் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். மட்டன் கோவிலிருந்து செபரேஷன் பாயின்ட்டுக்குக் கிளைப்பாதை போகிறது, கீழே பாறைகளில் ஃபர் சீல் எனும் கடல்நாய்கள் படுத்திருக்கும். 20 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், சீலுக்கும் கடலுக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். வாரிவாரங்கி ஹட் ஒரு பழைய பண்ணை வீடு, மரப்படிக்கட்டும் மாடியும் உண்டு. நான்கு ஹட்டுகளில் அழகானது.

கடைசி நாள் வைனுயிக்கு 5.7 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஒரு மேடு. மேட்டிலிருந்து கோல்டன் பே விரிந்து தெரியும். 1642 டிசம்பரில் டச்சு மாலுமி ஏபெல் டாஸ்மனின் கப்பல்கள் நங்கூரமிட்டது இந்த வளைகுடாவில்தான். இங்கு வாழ்ந்த நகாட்டி டூமாடாகோகிரி என்ற மாவோரி மக்களோடு மோதல் வந்து அவருடைய ஆட்கள் நான்கு பேர் இறந்தார்கள், அவர் கரை இறங்காமலே போய்விட்டார். அதற்கு 300 ஆண்டு நிறைந்த 1942-இல் இந்தப் பூங்காவை அமைத்தார்கள். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் பெரின் மான்கிரீஃப் என்ற பறவையியலாளர்.

வைனுயியில் இருப்பது ஒரு வாகன நிறுத்துமிடம் மட்டும்தான், கடை இல்லை, சிக்னலும் நம்ப முடியாது. பக்கத்து ஊரான டாக்கக்காவுக்கோ மாரஹாவுக்கோ போகும் வண்டியை முன்பே பதிவு செய்து, எத்தனை மணிக்கு என்று உறுதி செய்து வையுங்கள். மாரஹாவுக்குத் திரும்ப டாக்கக்கா மலையைத் தாண்ட வேண்டும், வளைந்து வளைந்து போகும் சாலை, குமட்டல் வருகிறவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாள் மாலை நெல்சனிலிருந்து விமானம் போடாதீர்கள், ஒரு இரவு இடைவெளி விடுங்கள். அவரோவாவில் ஒரு வற்றம் தவறினால் அந்த இரவுதான் கைகொடுக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பாதை எச்சரிக்கைகளையும் ஒருமுறை பாருங்கள், புயல் மழைக்குப் பின் சில பகுதிகளை மூடி வைப்பார்கள்.